தரைப் புள்ளி

கடலோரக் காவல்படைக்கு ஒரு கடிதம்,
தாசில்தாருக்கு ஒன்று,
உச்சிப்புளிக் கடற்படைத் தளத்துக்கு மூன்று பிரதி.
ஐந்தாம் வாரம் அனுமதி வந்தபோது
கச்சான் எழுந்துவிட்டது.

விடியுமுன் மட்டும்தான் அது அசரும்.
வாலிநோக்கம் சாலைக்குக் கிழக்கே,
உப்பளத்துப் பம்புகள் இருமத் தொடங்காத நேரத்தில்
சகுபர் ட்ரோனை மேலேற்றினான்.
எழுபது மீட்டர்.
செம்பருந்து ஒன்று வந்து சுற்றிப் பார்த்து
தின்ன ஏதும் இல்லையென்று கண்டு
மீனுக்குப் போயிற்று.

கீழே சீமைக் கருவேலம்.
அதற்கப்பால் சீமைக் கருவேலம்.
உள்ளே போன ஆடு
தாடியைத் தொலைத்துவிட்டுத் திரும்பும் முள்.
நொடிக்கு இரண்டு லட்சம் கதிர் விழுகிறது.
பெரும்பாலும் இலையில் பட்டே மீள்கிறது,
சில கிளையில்,
சில எவனோ வீசிய தகரத்தில்.
நூற்றுக்கு மூன்றோ நான்கோ
இலைக்கும் இலைக்கும் நடுவே நழுவி
மண்ணைத் தொட்டுவிட்டு வரும்.
அந்த மூன்று நான்குக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இரவு, சாயல்குடி லாட்ஜில்
மரங்களை அழித்தேன்.
கோர்ட் சொல்லியும் போகாத காடு
ஒரு சொடுக்கில் போயிற்று.
உடுப்பு கழற்றிய தரை
வெட்கமில்லாமல் கிடந்தது.
அதன் மேல் பதினேழு வீக்கங்கள்.

மென்பொருள் ஜப்பானில் பழகியது.
அங்கே மன்னர்களைப் புதைத்த மேடுகள்
ஒருபுறம் வட்டம், ஒருபுறம் சதுக்கம்,
சாவித் துவாரம் போலிருக்கும்.
சுற்றிலும் அகழி, மேலே மரம்.
பலவற்றில் கால் வைக்கவே விடமாட்டார்கள்,
வானிலிருந்து அளந்துகொள்ளலாம்.
அந்தப் பழக்கத்தில் இங்கும் தேடி
ஒன்றைச் சிவப்பில் வளைத்தது:
சாவித் துவாரம், நம்பகம் எண்பத்தொன்று.

"முதுகுளத்தூர் தாலுகாவுல ஜப்பான் ராசாவா?"
சகுபர் சிரித்ததில் தேநீர் சிந்தியது.
நிழல் படத்தில் சூரியனை எதிர்த்திசைக்கு நகர்த்தினேன்.
மேடு குழிந்தது.
ஊருணி.
பக்கத்திலே தூர்ந்துபோன வரத்துக்கால்.
ராசாவும் இல்லை
தண்ணீரும் இல்லை.

மறுநாள் வெட்டுக்கத்தியோடு நடந்தோம்.
வழிகாட்ட இருளாயி வந்தாள்,
அந்தக் காட்டில் மூட்டம் போடுகிறவள்.
பதினொன்று கரிமூட்டம்.
சுட்ட மண்ணின் வளையம், நடுவே கறுத்த பொடி.
ஒவ்வொன்றுக்கும் அவளிடம் வயது இருந்தது.
இது புயலுக்கு முந்துனது.
இது மக சடங்குக்குப் போட்டது.
இது உள்ளே அவிஞ்சு நட்டமாப் போனது,
இதை எழுதாதீக.
நான்கில் மட்டும்
கறுப்பும் சிவப்புமாய்ப் பானையோடு,
கனத்த தாழி விளிம்பு,
விளிம்பைச் சுற்றி
ஒரே விரல் அழுத்திப்போன பள்ளங்கள்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை, அது சிறிய கை.

பதினேழாவது வட்டமில்லை.
நீளம் மூன்றடி,
உயரம் பதினான்கு சென்டிமீட்டர்,
தலைமாட்டில் ஒரு கற்றாழை.
அதற்கு மட்டும் இருளாயி வயது சொல்லவில்லை.
கத்தியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு
பாதையை விட்டு விலகி நடந்தாள்.
நாங்களும் முள்ளுக்குள் இறங்கி
விலகியே போனோம்.

இரவு அறிக்கையில் நான்கு தாழி மேடு,
ஒரு ஊருணி, பதினொரு மூட்டம் என்று எழுதினேன்.
சகுபர் கூட்டிப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

புள்ளிகளுக்கு எண் தரவேண்டும்.
செடி என்றால் நான்கு, கட்டடம் ஆறு,
பிழை ஏழு.
ஏழு போட்டால் அடுத்த வரைபடத்தில்
அங்கே வெறும் சமவெளி,
எவரும் தேடி வரப்போவதில்லை.
ஏழின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு இரண்டை அழுத்தினேன்.
இரண்டு என்றால் தரை.

சகுபர் பேட்டரிகளைச் சார்ஜில் போட்டான்.
நாளை மூக்கையூர்ப் பக்கம்.
காற்று ஐந்தரைக்கே எழுந்துவிடுமாம்.